விறைப்புக்கு முன் அகலத்தைப் பாருங்கள்

மென்மையான பூட்ஸ் அணிந்து கார்விங் செய்ய, அதாவது பலகையின் விளிம்பால் பனியைக் கீறியபடி வளைந்து திரும்ப, விறைப்பான ஸ்னோபோர்டு (பனிச்சறுக்குப் பலகை) இருந்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. முதலில் பார்க்க வேண்டியது பலகையின் நடு அகலம். பலகையை ஆழமாகச் சாய்க்கும்போது, விளிம்பைத் தாண்டி நீளும் பூட்ஸின் நுனியோ குதிகாலோ பனியில் உரசும். உரசிய கணமே விளிம்பு பிடியை விட்டுவிடும். பிறகு முதுகில்தான் சறுக்க வேண்டும்! கடின பூட்ஸ்காரர்கள் பாதங்களை ஏறக்குறைய 60 டிகிரி முன்னோக்கித் திருப்பிக்கொள்வதால், 20 சென்டிமீட்டர் பலகையிலேயே சமாளித்துவிடுகிறார்கள். மென்மையான பூட்ஸில் அது நடக்கிற காரியமல்ல. கால் பெரிதென்றால் 26, 27 சென்டிமீட்டர் அகலத்தில் தேடுங்கள். முன்கால் 30, பின்கால் 15 டிகிரி என இரண்டையும் முன்னோக்கி வைத்தால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். தேவைக்கு மேல் அகலமாக வாங்கினால், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுவது மந்தமாகிவிடும்.

அடுத்தது பக்க வளைவு, அதாவது பலகையின் ஓரம் உள்நோக்கி வளைந்திருக்கும் விதம். அதன் ஆரம் 8 மீட்டர் என்றால் குறுகிய சரிவிலும் திரும்பலாம். 10 மீட்டருக்கு மேல் போனால் வேகமும் ஆளில்லாத அகன்ற சரிவும் வேண்டும். விடுமுறை நாளில் அதற்கு எங்கே போவது?

கடையில் பூட்ஸைப் பைண்டிங்கில் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடிப்பு) மாட்டி, பலகையை விளிம்பின் மேல் சாய்த்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.