அஞ்சே நிமிஷம்
"கிளம்பிட்டேன்டா, அஞ்சே நிமிஷம்" என்கிறான் நண்பன். போனில் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. நான் தாம்பரம் ரயில் நிலைய வாசலில், மே மாத வெயிலில், முக்கால் மணி நேரமாக நிற்கிறேன்.

வந்ததும் கேட்டால் வள்ளுவரைத் துணைக்கு இழுக்கிறான். நன்மை தரும் பொய்யும் வாய்மைதானாம், 292ஆம் குறளாம். சரி, அதில் 'புரைதீர்ந்த' என்று ஒரு சொல் இருக்கிறதே, குற்றமற்ற நன்மை என்று? அதை மட்டும் எல்லாரும் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள். இந்தப் பொய்யால் யாருக்கு என்ன நன்மை? என் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது.

அடுத்த குறளிலேயே, அறிந்து பொய் சொன்னால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறார் வள்ளுவர். இவனுக்கு எங்கே சுட்டது? குளித்து, பவுடர் பூசி, ஜில்லென்று வந்து நிற்கிறான். அப்புறம் கரும்புச் சாறுக்குக் காசு கொடுத்ததும் நான்தான்.