சூழல் அழிவுக் கதைகள் 2000க்குப் பிறகு முளைத்தவை அல்ல

"சூழல் அழிவைப் பேசும் அறிவியல் புனைகதைகள் எல்லாம் 2000க்குப் பிறகு, புவி வெப்பமாதல் பயத்தைக் காசாக்க வந்தவை, டெல்டா வயலுக்குள் கடல் புகுவது வெறும் கற்பனை" என்று ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஆங்கில எழுத்தாளர் ஜே.ஜி. பல்லார்ட் நீரில் மூழ்கிய உலகை நாவலாக்கியது 1962இல். அதில் வெப்பம் கூடுவதற்குக் காரணம் சூரியன், மனிதன் அல்ல. சில ஆண்டுகளில் அவரே எழுதிய வறட்சி நாவலில் காரணம் மாறிவிடுகிறது. ஆலைக் கழிவு கடற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து, நீர் ஆவியாவதைத் தடுக்கிறது, மழை நின்றுபோகிறது. மேட்டூர் திறப்புக்காக ஜூன் 12ஐ எண்ணிக் காத்திருக்கும் நமக்கு அந்தக் கதையின் வலியை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜான் பிரன்னரின் 1972 நாவலில் காற்றும் நீரும் மண்ணும் ஒருசேர நஞ்சாகின்றன.

கடல் புகுவது கற்பனையா? 2004 சுனாமிக்குப் பின் நாகை மாவட்ட வயல்கள் உப்பேறிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். பேரலை வராத ஆண்டிலும், ஆற்றில் நன்னீர் வற்றினால் முகத்துவாரம் வழியே உவர்நீர் கடைமடைக்கு ஏறிவருகிறது. வண்டல் அணைகளிலேயே தங்கிவிடுவதால் டெல்டாவுக்கு வந்து சேரும் மண்ணும் குறைந்துவிட்டது.

கதை ஆரூடம் அல்ல என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆண்டையும் 'கற்பனை' என்ற சொல்லையும் மட்டும் திருத்திவிடுங்கள், ஐயா. கடைமடைப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.