டிரைவரை மட்டும் திட்டாதீங்க

"ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலேயே ஓட்டியிருக்கான், இவனெல்லாம் ஒரு டிரைவரா?" போன வாரம் முழுக்க எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதே பாட்டுதான்.

சித்தப்பா காரை ஊரப்பாக்கத்திலிருந்து எடுத்து வந்தவர் ஒரு ஆக்டிங் டிரைவர். ஹேண்ட் பிரேக் பாதி ஏறியே இருந்திருக்கிறது. ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் வண்டி இழுக்கவில்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை. கத்திப்பாராவில் வடபழனி பக்கம் இறங்கும்போது பிரேக் பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. மனுஷன் பதறாமல் கியரைக் குறைத்து, ஓரச் சுவரில் உரசி நிறுத்திவிட்டார். யாருக்கும் அடியில்லை. (இதற்கு ஒருத்தராவது நன்றி சொன்னீர்களா?)

மறந்தது தப்புதான். ஆனால் ஹேண்ட் பிரேக் என்பது பின் சக்கரத்துக்கு மட்டும். முன் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

பெரும்பாலான கார்களில் பிரேக் லைன், அதாவது பிரேக் ஆயில் போகிற குழாய், குறுக்காகப் போகும். ஒரு முன் சக்கரத்தோடு எதிர்ப்பக்கப் பின் சக்கரம் ஒரு ஜோடி. உரசி உரசிப் பின் சக்கரங்கள் இரண்டும் கொதித்தால் இரண்டு லைனிலும் பிரேக் ஆயில் ஆவியாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவி அமுங்கிவிடும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும்.

டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். 4 சதவீதத்துக்கும் குறைவான ஈரம் சேர்ந்தாலே அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கடல்காற்று வீசுகிற நம்ம ஊரில் கேட்கவே வேண்டாம். சித்தப்பா, அந்த ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? "வாங்கினதிலிருந்து பிரேக் பக்கம் வேலையே வந்ததில்லை" என்று நீங்கள்தான் பெருமையாகச் சொன்னீர்கள்.

இன்னொரு கூத்து. வண்டி ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடலும் பழையபடி கல்லு மாதிரி நிற்கும். சர்வீஸ் சென்டரில் மிதித்துப் பார்த்துவிட்டு "பிரேக் நல்லா இருக்கு சார்" என்றார்களாம். உடனே டிரைவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டோம்! ஆயிலில் ஈரம் எவ்வளவு என்று பார்க்க பேனா அளவுக்கு ஒரு டெஸ்டர் போதும். அதை யாரும் கேட்கவும் இல்லை, அவர்கள் வைத்துப் பார்க்கவும் இல்லை.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது சித்தி சொன்னதைக் கேட்டுத்தான். டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரிவதைப் பார்த்து அந்த டிரைவர் கிளம்பும்போதே கேட்டிருக்கிறார். "அது ரொம்ப நாளா அப்படித்தான் எரியுது, நீ போப்பா" என்று பதில். நிறைய கார்களில் ஹேண்ட் பிரேக் ஏறியிருந்தாலும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரிவது அதே லைட்தான். மாதக்கணக்காக அதை எரியவிட்டது யார்? அவர் மறந்ததைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய ஒரே விளக்கையும் நாமே மதிப்பில்லாமல் ஆக்கிவைத்திருந்தோம்.

கோபித்துக்கொள்ளாதீங்க சித்தப்பா. பம்பர் செலவுக்கு என்று பிடித்துவைத்த அவருடைய அன்றைய சம்பளத்தை இன்றைக்கே ஜிபேயில் போட்டுவிடுங்கள்.