பதினான்காம் நம்பர் போஸ்ட்

போன மாதம் ஒரு நாள் கடைசி பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கினேன். அங்கிருந்து எங்கள் லயத்துக்கு, இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. கோயிலுக்குக் கீழே இருக்கிற வளைவில் ஒரு வீதி விளக்கு உண்டு. அன்று அது எரியவில்லை. மழை விட்டுப் பனிமூட்டம் இறங்கியிருந்தது. கைபேசி வெளிச்சத்தில் காலடி மட்டும்தான் தெரியும். பின்னால் யாரோ வருகிற சத்தம். நான் நின்றேன், சத்தமும் நின்றது. நடந்தேன், அதுவும் நடந்தது. கடைசியில், "யாரும்மா அது, மேல்கணக்குப் பிள்ளையா?" என்று ஒரு குரல். மேல்கணக்கு என்றால் எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவு. ஸ்டோருக்கு, அதுதான் தேயிலைத் தொழிற்சாலைக்கு, இரவுக் காவலுக்குப் போகிற மாமா. நாய்களைத் தூக்க சிறுத்தை வருகிற பக்கம் அது, அவரும் பயந்துதான் நின்றாராம்.

அடுத்த நாள் காலையில், வீதி விளக்கைப் பார்க்கிற பிரதேச சபைக்குக் கோல் பண்ணினேன்.

"எந்த போஸ்ட் தங்கச்சி?"

"கோயிலுக்குக் கீழ, வளைவில, டர்பன்டைன் மரத்துக்கு முன்னுக்கு."

"அங்கன எல்லா வளைவிலயும் டர்பன்டைன் மரந்தானே."

பதினேழு நாள் கழித்து ஆள் வந்தது. வந்தவர் பல்பை மாற்றிவிட்டுப் போனது பக்கத்து வளைவில், ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த விளக்குக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பகல் பதினொரு மணிக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் எது எரிகிற விளக்கு, எது எரியாத விளக்கு என்று யாருக்குத் தெரியும்? வீதி விளக்கு பழுதாவது இரவில், திருத்துகிறவர் வருவது பகலில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊர் இருட்டாகக் கிடக்கிறது.

இதை எழுதக் காரணம், கொழும்பில் வேலை செய்கிற நண்பன் ஒருவன் பகிர்ந்த ஒரு வீடியோ. ஸ்மார்ட் வீதி விளக்காம். கம்பத்தில் கமரா, வைஃபை, வாகனத்துக்குச் சார்ஜ் போடும் வசதி, காற்று எவ்வளவு அழுக்கு என்று அளக்கிற கருவி, விளம்பரத் திரை. "நம்ம ஊருக்கு இதெல்லாம் எப்ப வரும்?" என்று கேட்டிருந்தான். கீழே நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீடியோவில் காட்டாத ஒன்று அந்த விளக்குகளுக்குள் இருக்கிறது, எங்களுக்கு அதுதான் வேண்டும்.

கமராவையும் திரையையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஸ்மார்ட் விளக்கு என்பது சின்ன விஷயம். ஒவ்வொரு விளக்கின் தலையிலும் உள்ளங்கை அளவில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. எப்போது எரிய வேண்டும், எவ்வளவு பிரகாசமாக எரிய வேண்டும் என்று அது விளக்குக்குச் சொல்லும். எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளக்கும். இதையெல்லாம் ரேடியோ அலை வழியாகவோ, கைபேசிக் கோபுரம் வழியாகவோ, சில இடங்களில் மின்கம்பி வழியாகவே கூடவோ காரியாலயத்துக்கு அனுப்பும். விளக்கு செத்தால் கரண்ட் இழுக்காது. உடனே காரியாலயத் திரையில் அந்தக் கம்பத்தின் நம்பர் சிவப்பாகிவிடும். யாரும் கோல் பண்ணத் தேவையில்லை, டர்பன்டைன் மரத்தை அடையாளம் சொல்லத் தேவையில்லை. பகல் பதினொரு மணிக்கு ஏணியோடு வருகிறவர் நேராக அந்தக் கம்பத்துக்கே வருவார்.

என்னைக் கேட்டால் முழு ஸ்மார்ட்டும் இதற்குள்ளேயே இருக்கிறது. மிச்சமெல்லாம் கல்யாண வீட்டுச் சோடனை.

மின்சாரம் மிச்சமாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். பழைய 150 வாட் மஞ்சள் சோடியம் விளக்கு இருந்த இடத்தில் அதில் பாதி வாட்டுக்கும் குறைந்த எல்ஈடி போதும். லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2009இல் தொடங்கி சுமார் 1,40,000 விளக்குகளை மாற்றியது, வீதி விளக்குக்கான மின்செலவு பாதிக்கு மேல் குறைந்தது. பக்கத்து இந்தியாவில் 2015 ஜனவரியில் தேசிய அளவில் தொடங்கிய திட்டத்தில் ஒரு கோடிக்கு மேல் எல்ஈடி விளக்குகள் ஏறிவிட்டன. சரி, நல்லது. ஆனால் எல்ஈடி ஆக்கிவிட்டால் மட்டும் விளக்கு ஸ்மார்ட் ஆகிவிடாது. எங்கள் டவுனில் எல்ஈடி விளக்குகள் நடுப்பகலில் ஜம்மென்று எரிந்துகொண்டிருப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்!

வெளிநாட்டில் செய்ததை அப்படியே தூக்கிவந்து இங்கே நடுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஐரோப்பாவின் வடக்கில் டிசம்பரில் பின்னேரம் மூன்றரை, நான்குக்கே பொழுது விழுந்துவிடும், ஜூனில் இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த ஊருக்கு நாளுக்கு நாள் கணக்குப் போடுகிற விளக்கு கட்டாயம் வேண்டும். நமக்கு வருசம் முழுக்க ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, அவ்வளவுதான். சாதாரண மணிக்கூட்டுச் சுவிட்சே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னால் போகிற லொறியின் பின்பக்கம் தெரியாத அளவுக்கு மூட்டம் இறங்குவது இங்கேதான். நானுஓயாப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மணிக்கூட்டுக்கு அது விளங்காது, வெளிச்சத்தை அளக்கிற சென்சருக்குத்தான் விளங்கும். நமக்குப் பணம் செலவழிக்க வேண்டிய இடம் அது.

மூட்டத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்து டிரைவர்மாரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. மஞ்சள் வெளிச்சம் மூட்டத்தைக் கிழிக்கும், வெள்ளை கிழிக்காது என்பது அவர்கள் கட்சி. விஞ்ஞானம் முழுசாக அவர்கள் பக்கம் இல்லை. மூட்டத்தில் இருக்கிற நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது, அதனால் மஞ்சள், வெள்ளை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். ஆனால் அவர்கள் கண் சொல்வதும் பொய் இல்லை. நீலம் கூடிய கடும் வெள்ளை எல்ஈடி மூட்டத்தில் பட்டால் முன்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும், கண் கூசும். அமெரிக்க மருத்துவச் சங்கமே 2016இல் வீதி விளக்கின் நிறம் 3000 கெல்வினுக்கு (இந்த எண் கூடக் கூட வெளிச்சத்தில் நீலம் கூடும்) மேல் போகக் கூடாது என்று சொன்னது. தூக்கம், கண்கூச்சம் என்று அவர்களுடைய காரணங்கள் வேறு. எங்கள் காரணம் மூட்டம். ஆகவே இளமஞ்சள் எல்ஈடியும், பக்கவாட்டில் சிந்தாமல் நேராகக் கீழே பார்க்கிற மூடியும் போடுங்கள் என்றால் நானும் டிரைவர்மாரும் ஒரே கட்சி. சோடியம் விளக்கில் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒரே மண்ணிறமாய்த் தெரிந்த காலம் போகட்டும்.

வெளிச்சத்தைக் குறைக்கிற நேரத்தையும் கொழும்பில் இருந்து எழுதிக்கொண்டுவரக் கூடாது. நகரத்துக் கணக்கில் இரவு பதினொன்றில் இருந்து காலை ஐந்து வரை மங்கலாக வைக்கலாம். எங்கள் றோட்டில் இரவு எட்டரைக்கே ஆள் நடமாட்டம் நின்றுவிடும், விடியக்காலை நாலே முக்காலுக்குத் தொடங்கிவிடும். கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கிற பொடியன்மார், டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற கூட்டத்துக்கு) முன்னால் தண்ணி எடுத்து வைக்க ஓடுகிற அம்மாமார். அந்த நேரத்தில்தான் விளக்கு முழுசாக எரிய வேண்டும். ஆள் வந்தால் கூடி, போனால் குறைகிற சென்சர் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் மாசியில் காமன் கூத்து, திருவிழாவுக்குத் தேர் வருகிற இரவு, இதையெல்லாம் அட்டவணையில் ஏற்ற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஊர் ஆளாக இருக்க வேண்டும்.

கமரா விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் சன் டியாகோ நகரம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்மார்ட் விளக்குகளைப் பொருத்தியது. மின்சாரம் மிச்சம், போக்குவரத்துக் கணக்கு என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். அதில் கமரா இருக்கிறது, பொலிஸ் அதைப் பார்க்கிறது என்று பிறகுதான் சனங்களுக்குத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2020இல் மேயரே கமராவை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. நாங்கள் கங்காணியின் கண்ணுக்குக் கீழே வேலை செய்த பரம்பரை. அந்தச் சொல்லே கண்காணிப்பில் இருந்து வந்ததுதான். கொழுந்து பறிக்கும்போது ஒருவர் பின்னால் நின்று பார்த்தது போதாதா, வீட்டுக்கு வரும்போது கம்பமும் பார்க்க வேண்டுமா? பெண்களின் பாதுகாப்புக்கு என்பார்கள். எனக்கு அன்று அந்த வளைவில் தேவைப்பட்டது என்னைப் பார்க்கிற ஒரு கண் இல்லை, முன்னால் நிற்பவரை நான் பார்க்க ஒரு வெளிச்சம்.

சோலர் விளக்கையும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் எங்கள் பக்கம் தேர்தலுக்கு முன்னால் முளைக்கிற காளான் அதுதான். கோயில் சந்தியில் ஒன்று வந்தது. பூமாலை போட்டுத் திறந்தார்கள். முதல் மாதம் விடிய விடிய எரிந்தது. மே மாதம் மழை பிடித்தது. ஹட்டன் பக்கத்து மழை என்றால் செப்டெம்பர் வரை விட்டுவிட்டு அடிக்கும், வெயில் முகம் காட்டாத கிழமைகள் உண்டு. பகலில் நனைந்து, மரநிழலில் நின்று, இரவில் அரை மணித்தியாலம் மினுக்கி அணைந்தது. அடுத்த வருசம் பேட்டரியைக் காணோம். இப்போது அந்தக் கம்பத்தில் கொடி கட்டுகிறோம். சோலர் கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்குகிற பேட்டரியா, அதை மாற்றப்போவது யார் என்று கேட்டுவிட்டு நடுங்கள்.

இனி நெஞ்சில் கிடக்கிற கதை. இந்த நாட்டின் நீர்மின்சாரக் கதையே எங்கள் மலையில் தொடங்கியது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூலில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியாவுக்கு வெளிச்சம் கொடுத்தார். லக்ஷபான தண்ணியில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் எழுதினார், 1950இல்தான் அது கைகூடியது. காசல்ரீ, மவுசாகலை, நோட்டன், கெனியன், கடைசியாகத் தலவாக்கலையில் 2012இல் மேல் கொத்மலை, இந்த நீர்த்தேக்கங்களில் எல்லாம் எங்கள் தண்ணிதான். கம்பி எங்கள் தலைக்கு மேலால் போகும், வெளிச்சம் கீழே இறங்கிவிடும். இதை நாங்கள் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டோம், ஆகையால் நிறுத்துகிறேன்.

2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில், வீதி விளக்குகளை அணைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் லயத்து றோட்டில் அணைக்க எதுவும் இருக்கவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பிரஜைகள் என்று சிரித்துக்கொண்டோம்.

ஏன் இருக்கவில்லை? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், அதில் 33ஆம் பிரிவு. தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்க அது பெரிய தடையாக இருந்தது. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை, எங்கள் வாசலுக்கு ஒரு பல்பு போட முடியாமல் இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் சபைகளின் எண்ணிக்கையும் கூட்டப்பட்டது. சந்தோசப்பட்டோம். பிறகு 2023 மார்ச்சோடு சபைகளின் காலம் முடிந்தது, தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. இரண்டு வருசத்துக்கு மேல் பல்பு அணைந்தால் சொல்ல ஒரு உறுப்பினர்கூட இல்லை.

அதனால்தான் தன் பழுதைத் தானே சொல்லும் விளக்கு மேல் எனக்கு ஆசை. உறுப்பினர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சொல்லிக்கொண்டே இருக்கும். அது சொன்னதற்கு எத்தனை நாளில் ஆள் வந்தார் என்பதும் பதிவாகும். டவுன் மெயின் றோட்டில் முதலில் போட்டுப் படம் பிடித்துப் போடுவார்கள், தெரியும். கடைகளின் வெளிச்சமே அங்கே போதும். முதல் ஐம்பது விளக்கு வாங்கக் காசு இருந்தால் அதைச் சந்தியில் இருந்து லயத்துக்கு ஏறுகிற றோட்டுகளில் போடுங்கள் என்பேன். ஒரு நிபந்தனையோடு: 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலை சரிந்தபோது மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே போனதைப் பார்த்தோம். தொடர்பு அறுந்தால் அணைந்துபோகிற விளக்கு எங்களுக்கு வேண்டாம். கோபுரம் இல்லாவிட்டாலும், கரண்ட் வந்தவுடன் பொழுதுபட்டால் தானாக எரிகிற புத்தி அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

அது வரும்வரைக்கும் சும்மா இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு சந்தியில் இருந்து மேலே நடந்தோம். ஒவ்வொரு கம்பத்திலும் நம்பர் எழுதினோம். முப்பத்தொரு கம்பம், அதில் விளக்கு இருப்பது பத்தொன்பதில், எரிவது பதினொன்றில். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, தப்பென்றால் மன்னிக்கவும். பட்டியலை கொப்பியில் எழுதி, போட்டோ எடுத்து, இரவு நடந்து வருகிறவர்கள் எல்லாரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். காவலுக்குப் போகிற மாமாவுக்கு ஸ்மார்ட் போன் இல்லை, அவர் காலையில் வீட்டு வாசலில் நின்று நம்பரைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

செவ்வாய்க்கிழமை சபைக்குத் திரும்பவும் கோல் பண்ணினேன்.

"எந்த போஸ்ட் தங்கச்சி?"

"பதினாலாம் நம்பர் அண்ணே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "போஸ்ட்டுக்கு நம்பர் போட்டது யாரு?"

"மழை விட்டதும் வந்து பாருங்க, வெள்ளையில பெருசா எழுதியிருக்கு."

இன்று வெள்ளி. இன்னும் வரவில்லை. மழையும் விடவில்லை.