தாவர எண்ணெய் என்றாலும் மிஸ்ட் கலெக்டர் வேண்டும்

டைட்டானியம், இன்கோனல் (நிக்கல் கலப்புலோகம்) போன்றவற்றை எம்.க்யூ.எல். முறையில், அதாவது மிகக் குறைந்த எண்ணெயைக் காற்றோடு அடித்து, மெஷினில் வெட்டும்போது தாவர எண்ணெய் பயன்படுத்தினால், அது மட்கும் எண்ணெய் என்பதால் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளை உறிஞ்சிப் பிடிக்கும் மிஸ்ட் கலெக்டர் தேவையில்லை என்று ஒரு கருத்து இருக்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் வருகிறார்கள்.

மன்னிக்கவும், அது சரியில்லை. மட்கும் என்பது அந்த எண்ணெய் மண்ணிலும் நீரிலும் என்ன ஆகிறது என்பதைத்தான் சொல்கிறது. நுரையீரலுக்குள் போகும் நுண்துளி வேறு விஷயம். மணிக்குச் சில பத்து மில்லிலிட்டர்தான் செலவாகிறது, உண்மை. அந்தச் சிக்கனத்துக்காகவே எனக்கும் இந்த முறை பிடிக்கும். ஆனால் அந்த எண்ணெயைக் காற்றோடு கலந்து துளியாகத்தானே அடிக்கிறோம்! இந்த உலோகங்கள் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. சூடு வெட்டுமுனையிலேயே தேங்கி எண்ணெயில் ஒரு பகுதி புகையாகும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் 1998இல் வெட்டுத் திரவங்களுக்குப் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் மொத்தத் துகள் 0.5 மில்லிகிராம். தாவர எண்ணெயும் அதில் அடக்கம்.

எண்ணெயோடு வரும் எஸ்.டி.எஸ். (பாதுகாப்புத் தகவல்) தாளை எடுத்துப் பாருங்கள். மட்கும் தன்மை 12ஆம் பிரிவில் இருக்கும். காற்றோட்டம், சுவாசப் பாதுகாப்பு எல்லாம் 8ஆம் பிரிவில் இருக்கும். ஒன்றைப் படித்து மற்றதை முடிவு செய்ய முடியாது. அப்புறம், மெஷின் ஓடும்போது சற்றுத் தள்ளி நின்று, மெஷின் கதவுக்குக் குறுக்கே பலமான டார்ச் அடித்துப் பாருங்கள். மிதக்கும் துளிகள் அந்த ஒளியில் தெரியும்.