உத்தரவு சொல்லுதல்

சிங்கப்பூரில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கெட்டிக்காரர், மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிடுவார். போன மாதம் ஒரு மதியம், தேக்கா சந்தையிலிருந்து வாங்கி வந்த பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். என் சங்கிலியில் தொங்கிய சிலுவை அவர் கண்ணில் பட்டது.

“அக்கா, நீங்கள் மதம் மாறியவர்களா?”

“என் தாத்தாவின் தாத்தா மாறினார்” என்றேன். “150 வருடம் ஆகப்போகிறது. கேள்வி மட்டும் இன்னும் என்னிடம்தான் வருகிறது.”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே, “எதற்காக மாறினார், பால் பவுடருக்கா, கோதுமைக்கா?” என்றார்.

நான் பிரியாணியைச் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான், சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒன்றைவிட ஒன்று காரமாக. நல்லவேளை, அவை மதியமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இதை ஒரு மூத்த சகோதரியிடம் புலம்பினேன். அவர் பேதுருவின் முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம், பதினைந்தாம் வசனத்தை எடுக்கச் சொன்னார். நமக்கெல்லாம் மனப்பாடமான வசனம்தான். நமக்குள் இருக்கும் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் “சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்” என்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் தமிழில் உத்தரவு என்றால் பதில். இன்றைய தமிழில் உத்தரவு என்றால் கட்டளை. அதிகாரி போடுவது, மற்றவர் பணிவது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நம் ஆட்களில் பாதிப் பேர் இந்த வசனத்தை இன்றைய தமிழில் படித்துவிட்டார்களோ? அவர்கள் உத்தரவு போடக் கிளம்பிவிடுகிறார்கள். மீதிப் பேர், என்னைப்போல, பிரியாணி சாப்பிடுகிறார்கள்.

உத்தரவு போட்டவர்களின் கதை நமக்குத் தெரியும். 2009இல் இங்கே ஒரு கிறிஸ்தவத் தம்பதிக்கு எட்டு வாரச் சிறைத்தண்டனை கிடைத்தது. இஸ்லாத்தை இழிவுபடுத்தும் சித்திரக்கதைப் பிரசுரங்களை முஸ்லிம்களுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். மறு ஆண்டே ஒரு பெரிய சபையின் போதகர் பௌத்த, தாவோ நம்பிக்கைகளை மேடையில் கேலி செய்த காணொளி வெளியே வந்து, அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அப்போது சிலர் இதை விசுவாசத்துக்கு வந்த சோதனை என்றார்கள். எனக்கு வெட்கம்தான் வந்தது. மேடையில் அவர் செய்ததும் மேசையில் தம்பி செய்ததும் ஒரே வேலை. தம்பியின் கையில் ஒலிபெருக்கி இல்லை, அவ்வளவுதான்.

அதற்காக, சிங்கப்பூரில் சமயத்தைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று சொல்பவர்களோடும் என்னால் ஒத்துப்போக முடியாது. “அதெல்லாம் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், இங்கே சட்டம் இருக்கிறது” என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! சட்டம் இருக்கிறது, உண்மைதான். 1990இல் நிறைவேற்றிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கும் மேலே அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு இருக்கிறது. ஒருவர் தம் சமயத்தை வெளிப்படையாக ஏற்று அறிவிக்கலாம், கடைப்பிடிக்கலாம், பரப்பலாம் என்று அது மூன்று உரிமைகளைத் தருகிறது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவற்றுக்குக் கேடு வரக்கூடாது என்பது எல்லை. எல்லையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மூன்று வினைச்சொற்களையும் மறந்துவிட்டோம்.

மறப்பது என்றதும் தேசியப் பற்றுறுதி நினைவுக்கு வருகிறது. சின்ன வயதில் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, “இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு” என்று. 1966இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் ஆங்கிலத்தில் எழுதியதில் மறதி கிடையாது. வேற்றுமை எதுவாக இருந்தாலும் ஒன்றுபடுவோம் என்பதுதான் அங்கே பொருள். தமிழில் ஓசைக்காகவோ என்னவோ ‘மறந்து’ வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஒரு சொல்லை நான் என்றைக்கும் முழு மனதோடு சொன்னதில்லை. என் வேற்றுமையை நான் மறந்துவிட்டால், ஒன்றுபட என்னிடம் என்ன மிஞ்சும்?

இதில் தமிழ்க் கிறிஸ்தவர் நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் 18.9 விழுக்காடு. இந்தியர்களுக்குள் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய எட்டில் ஒருவர். சீன நண்பர்கள் நடுவில், கிறிஸ்தவர் என்றால் ஆங்கிலம் படித்து நல்ல வேலையில் இருக்கும் கூட்டம் என்று ஓர் எண்ணம் உண்டு. அங்கிருந்து நாலு நாற்காலி தள்ளித் தமிழர் மேசைக்கு வந்தால் பால் பவுடர். தீபாவளிக்கு ரங்கோலி போட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தமிழச்சியாயிற்றே! போடுவேன், நன்றாகவே போடுவேன். லூர்து அன்னை ஆலயம் ஓஃபீர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்து நின்றது 1888இல். இருந்தும் ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒருவர், “நீங்கள் பாடுவது தமிழிலா?” என்று வியந்து கேட்கிறார்.

பெரிய விவாதங்களைவிட வாசற்படியில்தான் நம்பிக்கைக்கு அதிக வேலை. என் பக்கத்து வீட்டில் ஒரு சீன மூதாட்டி இருக்கிறார். சீனர்கள் இறந்தவர்களின் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதம் வந்தால், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பொதுவழிபாட்டுக்கு வீடு வீடாகப் பணம் திரட்டுவது அவர் பொறுப்பு. நாங்கள் குடிவந்த முதல் ஆண்டு என் கதவையும் தட்டினார். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தேன். இரண்டாம் ஆண்டும் அதேதான். மூன்றாம் ஆண்டு மின்தூக்கியில் கையும் களவுமாக அகப்பட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில், நான் இயேசுவைக் கும்பிடுகிறவள், வழிபாட்டுக்குக் கொடுக்க மாட்டேன், முதியவர்களுக்கு அரிசி கொடுக்கிறீர்களே, அதற்குத் தருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இதைச் சொல்ல இரண்டு வருடமா?” என்பதுபோல ஏதோ சொல்லிச் சிரித்தார். இப்போது ஒவ்வோர் ஆண்டும் நேரே அரிசிக் கணக்கோடு வருகிறார்.

அதே ஏழாம் மாதத்தில் எங்கள் சபைச் சகோதரி ஒருவர், காகிதம் எரிக்கும் சாம்பல் பறக்கிறது, கெத்தாய் பாட்டுக் கச்சேரி மேடைச் சத்தம் காதைப் பிளக்கிறது என்று நகர மன்றத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். சாம்பலுக்கு எழுதுங்கள், தொட்டியில் எரிக்கச் சொல்லிக் கேட்கலாம், சத்தத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். நாம் கிறிஸ்துமஸ் கீதம் பாடிக்கொண்டு இரவு பதினொரு மணிக்குக் கீழ்த்தளத்தில் கித்தார் வாசிக்கும்போது அந்த மூதாட்டி யாருக்கும் எழுதியதில்லை. அந்தச் சகோதரிக்கு என் மேல் இன்னும் கோபம்.

வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்தால் இன்னும் கடினம். என் அம்மா இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். தாய்மாமா இறந்தபோது, தோ பாயோவில் அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் அவர் உடலைச் சுற்றி எல்லோரும் வாய்க்கரிசி போட வரிசையில் நின்றார்கள். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அத்தை அரிசியை என் கையில் கொடுக்க வந்தார். “அத்தை, நான் அரிசி போட மாட்டேன். ஆனால் மண்டாய் தகனக்கூடம் வரைக்கும் மாமாவோடு வருவேன், அவர் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்” என்றேன். சொல்லும்போதே குரல் போய்விட்டது. பின்னாலிருந்து ஒருவர், “செத்த பிறகும் இதுகளுக்கு வீம்பு” என்றார். அத்தை ஒன்றும் பேசாமல் அரிசியைத் தம் கைக்கே மாற்றிக்கொண்டு, என் பங்கையும் சேர்த்து அவரே போட்டார். அந்த மூன்று இரவும் நான் கீழ்த்தளத்திலேயே இருந்தேன். வந்தவர்களுக்குக் காப்பி கலக்கினேன், நாற்காலி அடுக்கினேன். செய்தது சரி என்றுதான் நம்புகிறேன். ஆனாலும் அத்தையின் கையை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. இதில் இன்னொன்று: ஆலயத்தில் ஒருவர், அந்த இடத்துக்கு நான் போனதே தவறு என்றார். அவருக்கும் உத்தரவு சொன்னேன். அது அவ்வளவு சாந்தமாக வரவில்லை.

நாட்டு விவகாரங்களுக்கு வருவோம். கிறிஸ்தவர்கள் பொதுவெளியில் பேசி உருப்படியாக எதுவும் நடந்ததில்லை என்பவர்களுக்கு நான் சூதாட்டக்கூடத்தைக் காட்டுவேன். அரசாங்கம் 2005இல் அனுமதி கொடுத்தபோது சபைகள் எதிர்த்தன, முஸ்லிம்களும் எதிர்த்தார்கள், எந்தச் சமயத்தையும் சாராத எத்தனையோ பேரும் எதிர்த்தார்கள். தோற்றோம். 2010இல் இரண்டு கூடங்கள் திறந்தன. ஆனால் அந்த எதிர்ப்பில், சூது பாவம் என்பதோடு நிற்காமல், மாதச் சம்பளத்தை ஒரே இரவில் தொலைத்துவிட்டு வருபவரின் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பேசியவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சு எல்லோர் காதிலும் ஏறக்கூடியது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக்கட்டணம் வந்தது, முதலில் நாளுக்கு 100 வெள்ளி, 2019 முதல் 150. குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கும் ஏற்பாடும் வந்தது. இவை கிறிஸ்தவர்களால் மட்டும் வந்தன என்று நான் மார்தட்டவில்லை. பதில் சொல்பவர்கள் தோற்றாலும் அவர்கள் சொன்னதில் ஏதோ ஒன்று தங்கிவிடுகிறது. கட்டளையிடுபவர்கள் தோற்றால் அதோடு சரி.

ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்த 2022இல் நாம் எப்படி இருந்தோம்? திருமணத்தைப் பற்றி என் நம்பிக்கை சொல்வதை நான் ஒளிப்பதில்லை, யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த மாதங்களில் என் கைபேசிக்கு வந்த குரல்பதிவுகளில் பாதியைத் தாழ்மையுள்ள எந்த மனிதரும் அனுப்பியிருக்க முடியாது. என் பக்கத்து இருக்கையில் பத்து ஆண்டாக உட்கார்ந்திருப்பவரைப் பற்றி, அவரைப் பார்த்தே இராதவர்கள் பேசினார்கள். நான் ஒன்றையும் மற்றவருக்கு அனுப்பவில்லை. அது போதாது என்று இப்போது தோன்றுகிறது. அனுப்பியவர்களுக்கு ஒரு வரியாவது பதில் எழுதியிருக்க வேண்டும். அங்கேயும் பிரியாணிதான் சாப்பிட்டேன்.

சரி, தம்பியிடம் வருகிறேன். நேற்று அதே மேசை. நானே பேச்சை எடுத்தேன். “அன்றைக்குப் பால் பவுடர் என்று கேட்டீர்களே, உட்காருங்கள், பதில் சொல்கிறேன்” என்றேன். பையன் முகம் சுருங்கிப்போயிற்று. “அக்கா, விளையாட்டுக்குத்தான்…” என்றார்.

விளையாட்டோ வினையோ, கேள்வி கேள்விதானே. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். திருநெல்வேலிச் சீமையில் அப்போது ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். என் தாத்தாவின் தாத்தாவுக்கு இருபது சொச்சம் வயது, நிலம் கிடையாது, மேலத்தெருவில் செருப்புப் போட்டு நடக்கும் உரிமை கிடையாது. மிஷன் ஆட்கள் கஞ்சி ஊற்றினார்கள். பால் பவுடர் அல்ல, கஞ்சி. ஆகவே உங்கள் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது, அவரைப் பசிதான் அங்கே கொண்டுபோயிருக்கும் என்றேன். ஊரில் வேறு யார் ஊற்றினார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் சொன்னதில்லை என்பதையும் சொன்னேன்.

தம்பி கொஞ்ச நேரம் கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, இந்த முறை சிரிக்காமல், “பஞ்சம் இரண்டு வருடத்தில் போய்விட்டதே அக்கா, பிறகு ஏன் அங்கேயே இருந்தார்கள்?” என்றார்.

இந்தக் கேள்வியை எங்கள் குடும்பத்திலேயே யாரும் கேட்டதில்லை. மணி இரண்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து காப்பி குடிக்கலாம், சொல்கிறேன் என்றிருக்கிறேன்.