லோடு இல்லாமல் எடுத்த கிராஸ்டாக் அளவு ஹெட்போனுக்குப் பொருந்தாது

ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரின் கிராஸ்டாக் (ஒரு பக்க ஒலி மறுபக்கம் கசிவது) பற்றி, "அவுட்புட்டில் எதுவும் மாட்டாமல் அளந்தேன், கிராஸ்டாக் -90 டிபி. ஹெட்போன் போட்டாலும் இதேதான்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அளவு சரியாகவே இருக்கலாம், ஆனால் முடிவு தவறு. இதை நம்பிப் பலர் கிரவுண்ட் வயரிங்கைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

மூன்று முனை ஜாக்கில் இடது, வலது இரண்டுக்கும் திரும்பும் கிரவுண்ட் பாதை ஒன்றுதான். சாக்கெட், சால்டர், வயர் எல்லாம் சேர்ந்து அதில் 0.1 ஓம் இருந்தாலே போதும். 33 ஓம் லோடில் (ஹெட்போன் போல அவுட்புட்டில் மாட்டும் சுமை) இடது பக்கம் 1 வோல்ட் கொடுத்தால், அந்த 0.1 ஓமில் சுமார் 3 மில்லிவோல்ட் உருவாகி வலது பக்கம் போய்ச் சேரும். அதாவது சுமார் -50 டிபி (-90-ஐ விடக் கசிவு மிக அதிகம்). 300 ஓம் ஹெட்போன் என்றால் -70 அருகில் நிற்கும். லோடே இல்லையென்றால் கரண்ட் ஓடாது, அப்புறம் இந்தக் குறை எப்படித் தெரியும்?

இதை நீங்களே அளக்க, ஹெட்போனுக்குப் பதிலாக ஒரு பிளக்கில் இரண்டு 33 ஓம் ரெசிஸ்டர்களை, பக்கத்துக்கு ஒன்றாக, கிரவுண்டோடு சேர்த்து சால்டர் செய்யுங்கள். வலது இன்புட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்துவிட்டு, போனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் டோனை இடது பக்கம் மட்டும் கொடுங்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வலது ரெசிஸ்டரின் இரு காலிலேயே வையுங்கள். கருப்பு முனையை போர்டு கிரவுண்டில் வைத்தால் அந்த 3 மில்லிவோல்ட் கண்ணில் படாது. சவுண்ட் கார்டில் அளப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: அதன் இன்புட், அவுட்புட் கிரவுண்ட்கள் உள்ளே இணைந்திருந்தால் நாம் தேடும் 0.1 ஓமையே அது சுற்றிக்கொண்டு போய்விடும்.

இரைச்சலை அளக்கும்போதும் இன்புட்டை எதிலும் இணைக்காமல் விடாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் ஹம்தான் பதிவாகும்.